உயரத்தில் ஓர் ஏரி, அதற்கும் மேலே கொடிமலை: பினாங்கு வறட்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

பினாங்கில் மழை சில வாரம் போக்குக் காட்டினால் போதும், செய்திகளில் ஒரு படம் வந்துவிடும். ஆயர் ஈத்தாம் நீர்த்தேக்கத்தின் கரை வரிவரியாகச் செம்மண் தெரியக் கிடக்கும். நடுவில் பச்சைத் தண்ணீர் ஒடுங்கி நிற்கும். கீழே ஒரு விழுக்காட்டு எண். அன்றைக்குக் காப்பிக் கடையில் வேறு பேச்சே இருக்காது. "தண்ணி வெட்டப் போறானாம்லா" என்று ஒருவர் ஆரம்பிப்பார். மாலைக்குள் மினி மார்க்கெட்டில் பெரிய தண்ணீர் போத்தல்கள் தீர்ந்துபோயிருக்கும்.

இத்தனைக்கும் அந்த ஏரி முழுக்க நிரம்பினாலே ஏறக்குறைய 260 கோடி லிட்டர்தான். தீவும் எதிரே இருக்கும் பெருநிலப் பகுதியும் சேர்ந்த பினாங்கு மாநிலம் ஒரு நாளைக்குச் செலவழிப்பது 80 கோடி லிட்டருக்கு மேல். ஏரியில் இருப்பது மூன்று நாள் தண்ணீர், அவ்வளவுதான். மாநிலத்துக்கு வரும் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல், பக்கத்து மாநிலமான கெடாவிலிருந்து ஓடிவரும் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அப்படியிருக்க இந்தச் சின்ன ஏரி வற்றினால் ஏன் இவ்வளவு கலவரம்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஏரியின் மதிப்பு அதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பதில் இல்லை. அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. அதே மலைத்தொடரின் உச்சியில் இருக்கும் கொடிமலைக்கும் (பினாங்கு ஹில்) இது பொருந்தும். அங்கே விற்பது காட்சியும் குளிரும். இரண்டையும் கொடுப்பது உயரம்தான். வறட்சியும், ஆண்டுக்கு ஆண்டு சூடேறும் மார்கழியும் தையும் அரித்துக்கொண்டிருப்பது அந்த உயரம் தரும் சலுகையை.

இடம்

ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தால் கெக் லோக் சி புத்தர் கோயில் தெரியும். அதைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் சாலையில் போனால், 1962இல் கட்டி முடித்த அணைக்கட்டு. கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேலே, சுற்றிலும் காடு. விடியற்காலையில் ஏரியைச் சுற்றி நடப்பவர்களும் ஓடுபவர்களும் சேர்ந்துவிடுவார்கள். சீன முதியவர்கள் கைவீசிப் பயிற்சி செய்வார்கள். நம் ஆட்கள் குடும்பமாக வந்து பாதி நடை, பாதி ஊர்க்கதை என்று சுற்றிவிட்டு, கீழே இறங்கி ரொட்டி சானாய் சாப்பிட்டு, எரித்த கொழுப்பைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். ஏரிக்கரையிலிருந்து மலையேறும் பாதை ஒன்று கொடிமலை வரை போகிறது. கால் வலு உள்ளவர்கள் அதில் ஏறுவார்கள், மற்றவர்களுக்கு ரயில்.

ரயில் ஓடத் தொடங்கியது 1923இல். நடுவழியில் இறங்கி வண்டி மாறிய காலத்தை நாற்பது வயதைத் தாண்டிய பினாங்குக்காரர்கள் இன்னும் சொல்வார்கள். 2011இலிருந்து புது வண்டி, 100 பேரை ஏற்றிக்கொண்டு ஒரே மூச்சில் மேலே போகிறது. மலைத்தொடரின் உச்சி 833 மீட்டர். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வருகிறார்கள். மேலே முருகன் கோயில், பள்ளிவாசல், பழைய வெள்ளைக்கார பங்களாக்கள், கடைகள், காட்டுக்குள் போகும் நடைபாதைகள். 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ இந்த மலையையும் அதைச் சுற்றிய காடு, கடல், நீர்த்தேக்கப் பகுதிகளையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

மலையின் இன்னொரு சரிவில் தண்ணீர்மலை. தமிழர்களுக்கு அது முருகனின் இடம். ஜார்ஜ்டவுனுக்கு அது முதல் குடிநீர். 1800களின் தொடக்கத்திலேயே, மலையிலிருந்து விழும் தண்ணீரைச் செங்கல் கால்வாய் கட்டி நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். துறைமுகத்துக்கு வந்த கப்பல்களும் அந்தத் தண்ணீரைத்தான் நிரப்பிக்கொண்டு போயின. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1850களில் அங்கே கோயில் எழுப்பியபோது அருவி ஊருக்கே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. பம்பு இல்லாத காலம். மேலே இருந்தது கீழே வந்தது. பினாங்கு நகரமாக வளர்ந்ததில் இந்தச் சரிவுக்கு உள்ள பங்கை நாம் அதிகம் பேசுவதில்லை.

மழையின் நாட்காட்டி

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களிடம் "இங்கே வறட்சி" என்று சொன்னால் சிரிப்பார்கள். சென்னையில் ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. பினாங்கில் 2,400 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. எங்கே வறட்சி என்று கேட்பது நியாயம்தான்.

சிக்கல், மழை எப்போது பெய்கிறது என்பதில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தானையும் திரங்கானுவையும் வெள்ளத்தில் மூழ்கடிக்கும்போது, தித்திவங்சா மலைத்தொடருக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு வெறும் காற்றுதான். கோத்தா பாருவில் படகு ஓடும் அதே வாரத்தில் பினாங்கில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம். நம் மழை ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் கொட்டுகிறது. இடைப்பட்ட வறண்ட மாதங்களைத் தாண்ட, பெரிய ஏரிக்கு முந்தைய மழை போதும். மூன்று நாள் தண்ணீர் பிடிக்கும் ஏரிக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஓடைகள் ஊறிக்கொண்டே இருந்தால்தான் அது ஏரி. ஏப்ரல் மழை சில வாரம் தள்ளிப்போனால் கரை தெரிய ஆரம்பித்துவிடும்.

தைப்பூசம் இந்த வறண்ட பருவத்தின் நடுவில் வருகிறது. காலை பத்தைத் தாண்டினால் தண்ணீர்மலைக்குப் போகும் தார்ச்சாலையில் வெறுங்காலை வைக்க முடியாது. தண்ணீர்ப் பந்தல்காரர்கள் ரப்பர்க் குழாயைப் பிடித்துச் சாலையை நனைத்துக்கொண்டே இருப்பார்கள். ரதத்துக்கு முன்னால் உடைபடும் தேங்காய்களின் இளநீர் வேறு வழிந்தோடும். அந்த ஈரத்தில் ஓடு குத்தாமல் கால் பார்த்து நடக்க வேண்டும். காவடி எடுப்பவர்கள் குளிக்க, பால்குடம் கழுவ, பந்தல்களில் மோரும் சிராப்பும் கரைக்க, மறுநாள் தெருவைக் கழுவ, எல்லாவற்றுக்கும் தண்ணீர். ஆண்டிலேயே தண்ணீர் குறைவாக ஊறும் காலத்தில், தண்ணீரின் பெயர் கொண்ட மலையடிவாரத்தில், லட்சக்கணக்கானோர் கூடுகிறோம். குழாயைத் திறந்தால் வருவதால் இது நம் கண்ணில் படுவதில்லை.

சூடு பற்றி இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி: கேமரன் மலை, 1978 பிப்ரவரி. மிக அதிகமானது 40.1 டிகிரி: பெர்லிஸ் சுப்பிங், 1998 ஏப்ரல், கடுமையான எல் நினோ (பசிபிக் கடல் சூடேறி நம் பக்கம் மழை குறையும் நிலை) நேரம். குளிர்ச் சாதனையை இத்தனை ஆண்டாக யாரும் நெருங்கவில்லை. 2016இல் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் வெயிலுக்காகவே பள்ளிகளை மூடினார்கள். குளிருக்காக மூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நடுநடுவே நல்ல மார்கழி வரத்தான் செய்கிறது. 2018 ஜனவரியில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கியபோது தீபகற்பமே சட்டென்று சில்லிட்டது. பெட்டியில் கிடந்த ஸ்வெட்டரைத் தேடி எடுத்தோம். அப்படி ஒரு வாரம் வந்தால் அதைச் செய்தியாகப் பேசுகிறோம் என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

2024: ஒரே பெயரில் மூன்று தொல்லைகள்

2024இன் முதல் ஐந்து மாதங்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்த காலம் அது. மக்கள் வாயில் அத்தனையும் "தண்ணி இல்ல" என்ற ஒரே புகார். பிரித்துப் பார்த்தால் மூன்று வெவ்வேறு கதைகள்.

முதல் கதை ஜனவரி 10. சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பழுதான இரண்டு பெரிய வால்வுகளை மாற்ற வேண்டியிருந்தது. மாநிலத்தின் தண்ணீரில் பெரும்பகுதி அந்த ஓர் இடத்தைத் தாண்டித்தான் வருகிறது. நான்கு நாள் திட்டமிட்ட தண்ணீர்த் தடை, ஐந்து மாவட்டங்களிலும் 5 லட்சத்து 90 ஆயிரம் பயனீட்டாளர்கள். 14ஆம் தேதி காலையில் வேலை முடிய வேண்டும். 15ஆம் தேதி பொங்கல். வீடு கழுவிக் கோலம் போட வேண்டிய வாரம் முழுக்க நீலத் தோங்குகளும் (பிளாஸ்டிக் பீப்பாய்கள்) வாளிகளுமாகப் போனது. போகியன்று எதை எரித்தோமோ இல்லையோ, பாத்திரம் கழுவாமல் இருக்க வாழையிலையும் காகிதத் தட்டும் வாங்கிக் குவித்தோம். இதற்கும் மழைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஏரி நிரம்பி வழிந்திருந்தாலும் அந்தத் தடை வந்திருக்கும். ஆனால் அன்றைக்குப் பட்ட பாடுதான், பின்னால் ஏரி இறங்கும் செய்தி வந்தபோது ஊரையே பதற வைத்தது.

இரண்டாவது கதை வெயில். 2023 நடுவில் தொடங்கிய எல் நினோ 2024இன் முதல் மாதங்களிலும் நீடித்தது. பிப்ரவரி, மார்ச்சில் பகல் கொதித்தது, இரவும் ஆறவில்லை. ஆறாத இரவு தண்ணீர்க் கணக்கில் நேரடியாக ஏறுகிறது. காலையில் ஒரு குளியல், மாலையில் ஒன்று, படுக்குமுன் இன்னொன்று. வரத்து குறையும் அதே வாரங்களில் செலவு கூடுகிறது. ஏற்கெனவே பினாங்கு வீடுகள் நாட்டிலேயே அதிகமாகத் தண்ணீர் செலவழிப்பவற்றில் சேர்ந்தவை. பல காலமாக நாட்டிலேயே மலிவான தண்ணீர்க் கட்டணங்களில் ஒன்று இங்கேதான் இருந்தது. அந்தப் பிப்ரவரியில் தீபகற்பம் முழுவதும் வீட்டுக் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரியாக 22 சென் ஏறியது. அப்படியும் மாத பில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசை ஒட்டித்தான் பல வீடுகளில் நிற்கிறது. என்னைக் கேட்டால், ஏற்றிய விதத்தைப் பற்றிச் சண்டை போடலாம், ஏற்றியதைப் பற்றி அல்ல.

மூன்றாவது கதைதான் ஏரி. ஏப்ரல் கடைசியில் ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் இரண்டு நீர்த்தேக்கங்களும் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டன. தெலுக் பஹாங் ஆயர் ஈத்தாமைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு பெரியது, அதனால் மெல்ல இறங்கி மெல்ல ஏறும். கடலுக்கு அந்தப் பக்கம், விரிவாக்கத்துக்குப் பிறகு மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகிவிட்ட மெங்குவாங் அணையில் போதுமான தண்ணீர் இருந்தது. மாநிலத்தைக் கணக்கில் எடுத்தால் பஞ்சம் இல்லை. மலையடிவாரத்தைக் கணக்கில் எடுத்தால் இருந்தது.

பெருநிலத்தில் தண்ணீர் கிடந்தும் மலையடிவாரம் ஏன் தவித்தது

ஆயர் ஈத்தாம் ஏரியின் தண்ணீர் சரிவில் தானாக இறங்கி, சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் போகிறது. புவியீர்ப்பு இலவசம். மூடா தண்ணீருக்கு அந்தச் சலுகை இல்லை. சுங்கை டுவாவில் சுத்திகரித்து, கடலுக்கடியில் பதித்த குழாய் வழியாகத் தீவுக்குள் வந்து, நகரத்தைத் தாண்டி, மலையடிவாரத்துக்கு மேலேறிப் போக வேண்டும். ஒரு கன மீட்டர் தண்ணீரை 100 மீட்டர் ஏற்ற, பம்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கால் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பிடிக்கும். ஏரி இறங்க இறங்க, அதைக் காப்பாற்றுவதற்காக மூடா தண்ணீரை இந்தப் பக்கம் அதிகமாகத் தள்ளுகிறார்கள். வழியில் எல்லாரும் எடுத்துக்கொண்டதுபோக மிச்சம்தான் மேட்டுக்கு வரும். குழாயின் கடைசியில் இருப்பவருக்கு அழுத்தம் குறையும்.

அடுக்குமாடி வீடுகளில் இது எப்படித் தெரிகிறது என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பதினைந்தாவது மாடிக்காரருக்குத் தண்ணீர் நேராகத் தெருக்குழாயிலிருந்து ஏறுவதில்லை. தரைத்தளத்தில் ஒரு தொட்டி, மொட்டை மாடியில் ஒரு தொட்டி, நடுவில் பம்பு. தெருவில் அழுத்தம் குறைந்தால் கீழ்த்தொட்டி நிரம்ப நேரம் பிடிக்கும். அது ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் பம்பு தானாக நின்றுவிடும். மேல்தொட்டி காலியாகும் வரை யாருக்கும் எதுவும் தெரியாது. பிறகு மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே நேரத்தில் காற்றுதான் வரும். பாயா தெருபோங் பக்கம் ஒரு பிளாட்டில் குடியிருக்கும் அம்மா ஒருவர் இதை எனக்கு ஒரே வரியில் விளக்கினார்.

"காலையில ஆறு மணிக்கு நல்லா வரும் தம்பி, ஏழு மணிக்குச் சொல்லாமக் கொள்ளாமப் போயிடும். பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புற நேரம் பாத்து."

ஏழு மணிக்கு மொத்தக் கட்டடமும் குளிக்கிறது. இரவு முழுக்கச் சேர்ந்தது அந்த ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. அவர் வீட்டுக் குளியலறையில் இரண்டு தோங்குகள் நிரந்தரமாக நிற்கின்றன. ஜனவரி வால்வு வேலைக்கு வாங்கியது, அதன் பிறகு எடுக்கவே இல்லை. கட்டட நிர்வாகத்திடம் கேட்டால் "வாட்டர் கம்பெனியைக் கேளுங்கள்", அங்கே கேட்டால் "உங்கள் கட்டடப் பம்பைப் பாருங்கள்". இந்தப் பந்தாட்டத்தில் இரண்டு பேர் சொல்வதும் பாதி உண்மை, அதுதான் கொடுமை.

மேலே, கொடிமலையில்

உயரம் தரும் குளிர்ச்சிக்கு ஒரு கணக்கு உண்டு. நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.65 டிகிரி குறையும். அதனால்தான் ஜார்ஜ்டவுனைவிடக் கொடிமலை ஐந்து டிகிரி வரை குளிர்ந்திருக்கிறது. இதையே திருப்பிப் போட்டால்: ஊர் முழுக்க ஒரு டிகிரி சூடேறினால், பழைய குளிர்ச்சியைத் தேடி 150 மீட்டர் மேலே போக வேண்டும். கேமரன் மலையில் அதற்கு இடம் இருக்கிறது. 833 மீட்டரில் முடிந்துவிடும் மலையில் இல்லை. காட்டுக்கும் இதே கதிதான். ஈரமும் மூடுபனியும் வேண்டும் என்று உச்சிக்கருகே ஒட்டிக்கொண்டிருக்கும் பாசி, பிகோனியா, குடுவைச் செடி போன்றவை மேலே நகர்ந்து தப்பிக்க முடியாது. அதற்கு மேல் வானம்தான்.

பழைய பங்களாக்கள் சிலவற்றில் கணப்பு அடுப்பு கட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரனுக்கு ஊர் ஏக்கம் என்று ஒதுக்கிவிடலாம், பாதி அதுவும்தான். ஆனால் உச்சியில் பல காலமாகக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவரின் ஏக்கம் அப்படிப்பட்டதல்ல.

"முன்னெல்லாம் சாயங்காலமானா ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் தே ஆத்துவேன். சூடா ஏதாவது குடுங்கன்னுதான் வருவாங்க. இப்ப ஐஸ் மைலோதான் ஓடுது. ஃபேன் இல்லாத மேசையில ஒருத்தரும் உக்கார மாட்டேங்கிறாங்க."

அவர் சொல்வதை வானிலைப் பதிவாக எடுத்துக்கொள்ள முடியாது. கூட்டம் பெருகியிருக்கிறது, மரங்கள் குறைந்து காங்கிரீட் கூடியிருக்கிறது, வருகிற தலைமுறை ஏர்கோனில் பிறந்தது. ஆனால் கடையின் ஐஸ் செலவும் மின்சார பில்லும் உண்மை. மலையில் ஐஸ் என்றால் கட்டியாகக் கீழிருந்து ரயிலில் ஏற வேண்டும். அல்லது மேலேயே உறைய வைக்கத் தண்ணீரும் மின்சாரமும் வேண்டும்.

மலைப்பாதைகளில் நடப்பவர்களுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய்கள் பழக்கம். பாதையோரம் வேர்களுக்கு நடுவே பாம்பு மாதிரி ஓடும். இணைப்புகளில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருப்பார்கள். மேலே ஓடையில் ஒரு சின்னத் தடுப்பு; அங்கிருந்து சரிவிலேயே இறங்கி, காய்கறியும் இஞ்சியும் பூவும் போடும் சீன விவசாயிகளின் தோட்டத்துக்குப் போகும். நல்ல நாளில் காலடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும், இணைப்பில் கசியும். அந்த ஏப்ரலில் நடந்தபோது குழாய்கள் மண்மேல் லேசாகக் கிடந்தன. காலால் தட்டினால் வெறும் குழாயின் ஓசை. ஒரு திருப்பத்தில் இரண்டு குழாய்களில் ஒன்றின் வாயைச் சாக்கால் அடைத்து, மற்றதை மட்டும் ஓடையின் மிச்சக் குட்டையில் விட்டிருந்தார்கள். இரண்டு தோட்டக்காரர்கள் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் நடக்காத உடன்பாடு.

பாலிக் புலாவ் பக்கம் டுரியான்காரர்களுக்கு வறட்சி பாதி நண்பன். மரம் பூக்க ஒரு காய்ச்சல் வேண்டும். நீண்டுவிட்டால் பூவும் பிஞ்சும் கொட்டிவிடும். அவர்கள் கணக்கு தனி.

என்ன செய்தார்கள்

மே முதல் வாரத்தில் மேக விதைப்பு. வானிலைத் துறையும் ஆகாயப் படையும் சேர்ந்து செய்வது. விமானத்திலிருந்து உப்புக் கரைசலை மேகத்தில் தெளிப்பார்கள். செய்தியில் வரும்போது மழையை வரவழைப்பதுபோல இருக்கும். இருக்கிற மேகத்தைத்தான் அது தூண்டும். இல்லாத மேகத்தை உண்டாக்காது. தீவோ சிறியது, ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி அதிலும் சிறியது. காற்று கொஞ்சம் திரும்பினால் மழை கடலில் விழும். மே மாதம் எப்படியும் மழைக்காலம் என்பதால், பிறகு பெய்ததில் எவ்வளவு விமானத்தின் பங்கு, எவ்வளவு பருவத்தின் பங்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நான் இதை வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதற்குக் கிடைக்கும் கவனத்தில் பாதி, குழாய்க் கசிவுக்கும் மேட்டுப் பகுதித் தொட்டிகளுக்கும் கிடைத்திருக்கலாம்.

நீண்டகாலத் திட்டங்கள் எல்லாமே பெருநிலத்தில் இருக்கின்றன. பெராய் ஆற்றுத் தண்ணீரையும் சேர்த்துக்கொள்வது, பக்கத்து மாநிலமான பேராக்கிலிருந்து கொண்டுவருவது. மூடாவை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு அரசியல் காரணமும் உண்டு: ஆற்று நீருக்காக ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கொடு என்று கெடா மந்திரி பெசார் (மாநில முதல்வர்) கேட்டதும், பினாங்கு மறுத்ததும் ஊரறிந்த சண்டை. சண்டையில் யார் பக்கம் சட்டம் என்பதை விட்டுவிடுவோம். மூடாவின் தலைமாட்டில் இருக்கும் உலு மூடா காடு அப்படியே நின்றால்தான் ஆறு ஓடும், கெடாவின் நெல்வயலுக்கும் நம் குழாய்க்கும் அதே ஆறு. காட்டைக் காக்கும் செலவில் ஒரு பங்கு ஏற்கலாமே என்ற பேச்சு எனக்கு நியாயமாகப் படுகிறது. பினாங்கு மேடைகளில் அப்படிச் சொன்னால் கைத்தட்டல் கிடைக்காது.

ஆனால் இந்தத் திட்டங்கள் எல்லாம் நிறைவேறினாலும், தண்ணீர் தாழ்வான இடத்திலிருந்துதான் வரும். மேட்டுக்கு ஏற்றும் வேலை அப்படியே இருக்கும். அதனால்தான் மலையின் மேல் நிற்கும் காடும் ஓடையும், அளவில் சின்னதாக இருந்தாலும், கணக்கில் பெரியவை.

அந்த மலையை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதை 2017 நவம்பர் காட்டியது. 4ஆம் தேதி இரவு தொடங்கிய பெருமழையில் தீவு மூழ்கியது, உயிர்கள் போயின. கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்து, ரயில் நின்று, சாலையும் அடைபட்டது. வறட்சி பற்றிய ஆய்வில் வெள்ளம் எதற்கு என்றால், இரண்டும் ஒரே ஏரியில் வந்து சேர்கின்றன. சரிந்த மண் ஓடையில் இறங்கினால் கடைசியில் ஏரியின் அடியில்தான் படியும். படிந்த அளவுக்குத் தண்ணீர் பிடிக்கும் இடம் குறையும். மழை கொட்டித் தீர்ப்பதும் பிறகு நீண்ட இடைவெளி விடுவதும் கூடினால், மூன்று நாள் தண்ணீர் பிடிக்கும் ஏரிக்கு இரண்டு பக்கமும் அடி. அடிவாரச் சரிவுகளை வெட்டி மாடி கட்டுவதை மலை காக்கும் குழுக்கள் படம் எடுத்துப் புகார் செய்துகொண்டே இருக்கின்றன. அந்தப் புகார்களை மண்சரிவுப் புகார் என்று மட்டும் பார்க்காமல், குடிநீர்ப் புகாராகவும் கோப்பில் போட்டால் நல்லது.

இனி வரும் கூட்டம்

தாவரவியல் பூங்கா பக்கமிருந்து, அதாவது தண்ணீர்மலை அடிவாரத்திலிருந்து, கொடிமலைக்குக் கேபிள் கார் வருகிறது. ரயில் வரிசை குறையும் என்பது ஒரு வாதம், மலை தாங்காது என்பது எதிர்வாதம். தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூடுதலாகப் பத்து லட்சம் பேர் வந்து, ஆளுக்கு ஒரு முறை கழிவறைத் தொட்டியை இழுத்தால், ஒரு முறைக்கு 6 லிட்டர் வீதம் 60 லட்சம் லிட்டர். ஏரியின் கொள்ளளவில் இது கால் விழுக்காடுகூட இல்லை. அளவைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஓடை வற்றிய மாதங்களில் அந்தத் தண்ணீரைக் கீழிருந்து ஏற்ற வேண்டியிருந்தால், 700 மீட்டருக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம், பம்பின் இழப்பைச் சேர்க்காமலே. அதுவும் ஊரில் எல்லா ஏர்கோனும் ஓடும் பிப்ரவரி, மார்ச்சில். கேபிள் கார் நிலையத்துக்குக் கூரை போடத்தான் போகிறார்கள். 1,000 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை, பினாங்கு அக்டோபரில் அப்படி ஒரு மாலை சாதாரணம், விழுந்தால் 50,000 லிட்டர். எட்டாயிரம் முறை கழிவறைக்குப் போதும், அதுவும் ஏற்கெனவே மேலேயே இருக்கும் தண்ணீர். அடியில் தொட்டி கட்டுவதற்கு இடம் ஒதுக்க வேண்டியது வரைபடம் மேசையில் இருக்கும்போது. காங்கிரீட் ஊற்றிய பிறகு அந்த மலையில் ஒரு லோரி மண்ணை வெளியே எடுப்பதற்கே தனிச் செலவு, தனி அனுமதி.